பதிப்புரிமை மீறல்: எது மீறல், யார் முறையிடலாம்?

விற்பனையில் இருக்கும் ஒரு நாவலின் பி.டி.எஃப். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. எழுதியவருக்கு அது தெரியாது, பதிப்பகமும் கவனிக்கவில்லை. குழுவில் உள்ள வாசகர் ஒருவர் காவல் நிலையத்திலோ அந்தச் செயலியின் நிறுவனத்திடமோ முறையிட்டால், அது செல்லுமா? இதற்கு முந்நூறு ஆண்டுகளாகப் பல விடைகள் வந்துள்ளன. எவர் வேண்டுமானாலும் முறையிடலாம் என்றது ஒரு சட்டம். உரிமையாளர் மட்டுமே என்றது அடுத்தது. எழுதியவருக்குத் தனியாக ஓர் உரிமை உண்டு என்றது மற்றொன்று. இன்றைய இந்தியச் சட்டத்தில் இந்த மூன்று விடைகளும் அருகருகே இருக்கின்றன. மீறல் என்பது ஒருவருடைய சொத்துக்கு நேர்ந்த இழப்பா, பொதுவுக்கு எதிரான குற்றமா என்பதைச் சட்டம் முழுமையாகத் தீர்மானிக்காததே இதற்குக் காரணம் எனலாம்.

மீறல் என்னும் சொல்

முதலில் சொற்குழப்பம் ஒன்றைத் தீர்க்க வேண்டும். தமிழ் நாளேடுகள் ‘காப்புரிமை’ என்ற சொல்லை நூலுக்கும் பாட்டுக்கும் உள்ள உரிமைக்கும், புதுக் கண்டுபிடிப்புக்கு வழங்கப்படும் உரிமைக்கும் சேர்த்தே பயன்படுத்துகின்றன. இரண்டும் வெவ்வேறு சட்டங்களின் கீழ் வருபவை. இங்கே பேசப்படுவது முதலாவது மட்டுமே. அதற்குப் ‘பதிப்புரிமை’ என்ற சொல் பொருந்தும்.

இந்தியாவில் இதற்கான சட்டம் 1957-ல் இயற்றப்பட்டு, 1958 ஜனவரி 21 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 14-ஆம் பிரிவு உரிமையாளர் மட்டுமே செய்யத்தக்க செயல்களைச் சொல்கிறது: படியெடுத்தல், வெளியிடுதல், பொதுவில் நிகழ்த்துதல், மொழிபெயர்த்தல், தழுவுதல் முதலியன. அவற்றில் ஒன்றை உரிமையாளரின் அனுமதியின்றிச் செய்வது மீறல் என்கிறது 51-ஆம் பிரிவு. மீறலான படிகளை விற்பதும், வாடகைக்கு விடுவதும், வணிக நோக்கில் பரப்புவதும், இறக்குமதி செய்வதும் இதில் அடங்கும்.

இந்த விளக்கத்தின் அச்சாணி ‘அனுமதியின்றி’ என்ற சொல். கள்ளநோட்டை விவரம் தெரிந்தவர் கையில் வாங்கியதும் அடையாளம் சொல்லிவிடுவார். அனுமதியற்ற படியை அப்படிச் சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் வந்த பி.டி.எஃப். கோப்பை எழுத்தாளரே மனமுவந்து அனுப்பியிருக்கலாம். பதிப்புரிமைக் காலம் முடிந்த நூலாகவும் இருக்கலாம். கோப்பு ஒன்றுதான், ஒரு நிலையில் அது மீறல், மற்றொரு நிலையில் அன்று. எந்த நிலை என்பதை உறுதியாக அறிந்தவர் பெரும்பாலும் உரிமையாளர் மட்டுமே. ‘யார் முறையிடலாம்’ என்ற கேள்வி ‘எது மீறல்’ என்ற கேள்வியோடு பிணைந்துகிடப்பது இதனால்தான்.

ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் வரை நூல்களுக்குப் பதிப்புரிமை நீடிக்கிறது. இது முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் நூல்கள் பொதுவுக்கு வரவிருந்த வேளையில், 1992-ல் நீட்டிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் இந்தக் கணக்கோடு இன்னொன்றும் சேரும். எழுத்தாளரின் மரபுரிமையாளருக்கு அரசு ஒரு தொகை வழங்கி நூல்களை நாட்டுடைமை ஆக்கினால், 60 ஆண்டுகள் முடிவதற்கு முன்பே அவற்றை எவரும் அச்சிடலாம். இதற்கு வழிகாட்டியது பாரதியார் படைப்புகளின் கதை. அவருடைய பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை கைமாறி ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் எடுத்த ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றதை ஒட்டி வழக்கு எழுந்தது. பாரதி எவருக்கும் தனிச்சொத்து ஆகலாகாது என்ற கிளர்ச்சி வலுத்தது. மெய்யப்பன் பணம் பெறாமல் தம் உரிமையை விட்டுக்கொடுக்க, 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமைகளைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. ஒரே பாட்டைப் பாடுவது ஓராண்டு மீறலாகவும் சில ஆண்டுகளில் எவருக்கும் உரியதாகவும் மாறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

பாதுகாப்பு உள்ள நூல் என்றாலும், எல்லாப் படியெடுப்பும் மீறல் ஆவதில்லை. சொந்தப் பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், திறனாய்வு, நடப்புச் செய்தி ஆகியவற்றுக்கான நியாயமான கையாளலை 52-ஆம் பிரிவு விலக்குகிறது. கற்பித்தலுக்கும் விலக்கு உண்டு. டெல்லிப் பல்கலைக்கழக வளாக ஜெராக்ஸ் கடை ஒன்று பாடநூல் பகுதிகளைத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றதை எதிர்த்து ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. 2016-ல் டெல்லி உயர் நீதிமன்றம் கற்பித்தலுக்கான விலக்கையே உயர்த்திப் பிடித்தது. இத்தனை பக்கம் அல்லது இத்தனை விழுக்காடு எடுக்கலாம் என்று எந்த அளவும் சட்டத்தில் இல்லை. ‘பத்து விழுக்காடு வரை பரவாயில்லை’ என்று ஊரில் உலவும் கணக்குக்கு இச்சட்டத்தில் ஆதாரம் கிடையாது.

கருத்துக்கும் அதன் வெளிப்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதைவிடச் சிக்கலானது. ‘நியூ டெல்லி’ இந்திப் படம் தம் நாடகத்தின் நகல் என்று ஆர்.ஜி. ஆனந்த் தொடுத்த வழக்கில், 1978-ல் உச்ச நீதிமன்றம் கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது என்றது. அவை சொல்லப்பட்ட முறைக்கே உண்டு என்றது. இரண்டையும் பார்த்த சாதாரணப் பார்வையாளருக்கு ஒன்று மற்றதன் நகல் என்ற எண்ணம் தவறாமல் எழ வேண்டும் என்பதே அளவுகோல். தமிழ்த் திரையுலகில் ஆண்டுதோறும் எழும் கதைத் திருட்டுப் புகார்கள் பல இந்த அளவுகோலில் நிற்காமல் போவது வியப்பில்லை.

கருத்துத் திருட்டு வேறு

மீறலோடு அடிக்கடி குழப்பப்படுவது கருத்துத் திருட்டு. பிறர் எழுத்தைத் தம்முடையதாகக் காட்டுவது கருத்துத் திருட்டு. அது அறிவுலக ஒழுக்கம் சார்ந்தது. நாட்டுடைமை ஆன நூலிலிருந்து பெயர் சொல்லாமல் எடுத்தால் அது திருட்டாக இருக்கலாம், பதிப்புரிமை மீறல் ஆகாது. பெயரைத் தவறாமல் குறிப்பிட்டு முழு நாவலையும் பதிவேற்றினால் நிலைமை தலைகீழ். ‘நன்றி’ என்று ஒரு வரி போட்டுவிட்டால் போதும் என்ற நம்பிக்கை சட்டத்தின்முன் செல்லாது.

முறையிடும் உரிமையிலும் இரண்டும் பிரிகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் வகுத்த விதிகளின்படி, தக்க சான்றோடு கல்விச் சமூகத்தைச் சேர்ந்த எவரும் கருத்துத் திருட்டைத் துறைசார் குழுவிடம் தெரிவிக்கலாம். எடுக்கப்பட்டவர் வாய் திறக்க வேண்டியதில்லை. ஏமாற்றப்பட்டது கல்வி நிறுவனமும் வாசகரும் என்பது அங்குள்ள தர்க்கம். பதிப்புரிமைச் சட்டம் அந்தத் தர்க்கத்தைப் பொதுவாக ஏற்பதில்லை.

ஆனால் தொடக்கத்தில் அதுவும் வேறு மாதிரிதான் இருந்தது.

பாதி அரசிக்கு, பாதி வழக்காடியவருக்கு

இங்கிலாந்தில் 1710-ல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம்தான் நவீன பதிப்புரிமைச் சட்டங்களின் மூலம் எனப்படுகிறது. அதற்கு முன் லண்டன் அச்சகத்தார் சங்கம் தன் உறுப்பினர்களுக்குள் உரிமைகளைப் பங்கிட்டுக் காத்துவந்தது. புதிய சட்டம் புது நூல்களுக்கு 14 ஆண்டுகள் உரிமை தந்து, ஆசிரியர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகள் சேர்த்தது. அனுமதியின்றி அச்சிட்டவர் நூல்களை உரிமையாளரிடம் ஒப்படைக்க வேண்டும், அவை அழிக்கப்படும். கூடவே, அவரிடம் சிக்கிய ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பென்னி தண்டம். அந்தத் தண்டத்தில் பாதி அரசிக்கு. மறுபாதி, வழக்குத் தொடுக்கும் எவருக்கும்!

‘எவருக்கும்’ என்பது எழுத்துப்படியே பொருள்படும். நூலோடு தொடர்பே இல்லாதவரும் வழக்காடிப் பாதித் தொகையைப் பெறலாம். காவல்துறை என்று ஒன்று உருவாகாத காலத்தில், துப்புக் கொடுப்பவருக்குப் பங்கு தந்து சட்டத்தை நடத்துவது அன்றைய ஆங்கிலேய வழக்கம். இந்த விடையின் குறையும் எளிதில் புலப்படும்: தண்டத்துக்காக அலைபவர் உரிமையாளருக்கும் அச்சகத்தாருக்கும் இடையே இருந்த வாய்மொழி உடன்பாட்டை எங்ஙனம் அறிவார்? 1790-ல் அமெரிக்கா தன் முதல் சட்டத்தை இயற்றியபோது தாளுக்கு 50 சென்ட் தண்டத்தின் ஒரு பாதியை அரசுக்கு வைத்து, மறுபாதியை வழக்காடும் ஆசிரியருக்கும் உரிமையாளருக்கும் என்று சுருக்கியது. வேற்றாள் மெல்ல வெளியேற்றப்பட்டார்.

உரிமையாளர் மட்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிப்புரிமையைச் சொத்தாகக் காணும் பார்வை வலுத்தது. தோட்டத்தில் அத்துமீறி நுழைந்தவர்மீது வழக்குப் போடத் தோட்டக்காரருக்கே உரிமை, வழிப்போக்கருக்கு இல்லை. இந்தியச் சட்டத்தின் உரிமையியல் பகுதி முழுவதும் இந்தப் பார்வையில் எழுந்தது. தடையாணை, இழப்பீடு, ஈட்டிய லாபத்தின் கணக்கு ஆகிய நிவாரணங்களை 55-ஆம் பிரிவு ‘பதிப்புரிமையின் உரிமையாளருக்கு’ வழங்குகிறது. தனியுரிமம் பெற்றவரையும் 54-ஆம் பிரிவு உரிமையாளராகக் கருதுகிறது. பெயர் தெரியாத ஆசிரியரின் நூலுக்கு, ஆசிரியர் யாரென்று வெளிப்படும்வரை பதிப்பாளர் அந்த இடத்தில் நிற்பார். சாதாரண உரிமம் மட்டும் பெற்றவர் நிற்க முடியாது.

வழக்குத் தொடுக்கப் பதிவுச் சான்றிதழ் வேண்டுமா என்பது நெடுநாள் சர்ச்சை. 1886-ன் பெர்ன் உடன்படிக்கை மரபில் உரிமை படைப்போடு பிறக்கிறது, பதிவு கட்டாயமில்லை. இந்தியாவில் பதிவேடு முதல்நோக்குச் சான்று மட்டுமே. 2012-ல் பம்பாய் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று பதிவு கட்டாயம் என்றது. 2021-ல் அதே நீதிமன்றம் அதைப் பிழையான தீர்ப்பு என்று ஒதுக்கியது. அமெரிக்காவில் நிலை வேறு: அந்நாட்டுப் படைப்புக்குப் பதிவு முடிந்த பிறகே வழக்குத் தொடுக்க முடியும் என்று அதன் உச்ச நீதிமன்றம் 2019-ல் உறுதி செய்தது.

சொத்துப் பார்வையின் பலவீனம், உரிமையாளர் யார் என்பதே பல வேளைகளில் தெரியாமல் போவது. கல்யாண வீட்டுப் படங்களை எடுத்தவர் படப்பிடிப்பாளர். ஆனால் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன வீட்டாரே, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. படத்தில் இருப்பவருக்கு இச்சட்டத்தில் எந்த உரிமையும் இல்லை. தம் படம் பரவுகிறது என்று அவர் முறையிட வேண்டிய இடம் அந்தரங்க உரிமை சார்ந்த சட்டம். பணியாளர் வேலையின் பகுதியாக எழுதியது பெரும்பாலும் நிறுவனத்துக்கு உரியது. பாதிக்கப்பட்டவராக உணர்பவரும் முறையிடும் உரிமை கொண்டவரும் இப்படி வேறு வேறு ஆட்களாகிவிடுகிறார்கள்.

எழுதியவரின் தனிநிலை

பிரெஞ்சு மரபிலிருந்து வந்தது மற்றொரு பார்வை. படைப்பு ஆசிரியரின் ஆளுமையின் நீட்சி, விற்றாலும் அந்த உறவு அறாது என்பது அதன் அடிப்படை. இந்தியச் சட்டத்தில் 57-ஆம் பிரிவு அதன் இடம். உரிமையை முழுவதும் எழுதிக்கொடுத்த பிறகும், தம் பெயர் விடப்படுவதையும், தம் நற்பெயருக்குக் கேடு வரும்படி படைப்பு சிதைக்கப்படுவதையும் ஆசிரியர் எதிர்க்கலாம். சிற்பி அமர்நாத் சேகல் விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் அரசு அகற்றிச் சிதைய விட்டது. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் எஞ்சியதை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் வழங்கவும் ஆணையிட்டது. சிற்பம் அரசுச் சொத்து என்ற வாதம் எடுபடவில்லை.

உரிமையாளரும் ஆசிரியரும் எதிரெதிராக நிற்பதும் உண்டு. மேலே சொன்ன ஜெராக்ஸ் கடை வழக்கில், வழக்கைக் கைவிடுமாறு பதிப்பகங்களிடம் கேட்ட நூலாசிரியர்களுள் அமர்த்திய சென்னும் ஒருவர். தம் நூல் மாணவரைச் சென்றடைவதை ஆசிரியர் விரும்பலாம். ஆனால் வழக்காடுவதா வேண்டாமா என்பது அவர் கையில் இல்லை. 57-ஆம் பிரிவு பெயரையும் உருவையும் காக்கிறது. பரவலை அனுமதிக்கும் அதிகாரத்தைத் தருவதில்லை.

குற்றமாகும்போது

1980-களில் வீடியோ கேசட் வந்ததும் சொத்துப் பார்வை போதாமல் போயிற்று. 1984-ன் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. 63-ஆம் பிரிவின்படி, தெரிந்தே மீறுவோருக்கும் அதற்கு உடந்தையானோருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரி, பிடியாணையின்றியே படிகளையும் அவற்றைத் தயாரிக்கும் கருவிகளையும் கைப்பற்றலாம். தமிழ்நாடு இன்னும் ஒருபடி மேலே போனது. 1982-ன் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004-ல் வீடியோ திருட்டில் ஈடுபடுவோரும் சேர்க்கப்பட்டனர். பர்மா பஜாரின் திருட்டு வி.சி.டி. கடைகளை நினைவில் வைத்திருப்போருக்கு இதன் சூழல் விளங்கும்.

குற்றம் என்று ஆனதும் ‘யார்’ என்ற கேள்விக்கு விடை தலைகீழாகிறது. சட்டம் தடை செய்யாதவரை, குற்றவியல் நடவடிக்கையை எவரும் தொடங்கிவைக்கலாம் என்பது அந்துலே வழக்கில் 1984-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த பொதுக் கொள்கை. பதிப்புரிமைச் சட்டத்தின் 70-ஆம் பிரிவு எந்த நீதிமன்றம் விசாரிக்கும் என்பதை மட்டும் சொல்கிறது. யாருடைய முறையீட்டின் மேல் என்று கட்டுப்படுத்தவில்லை. 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் 63-ஆம் பிரிவுக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கது, பிணையில் விடத்தகாதது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆக, தொடக்கத்தில் கண்ட வாசகர் காவல் நிலையத்தில் தகவல் கொடுப்பதற்குச் சட்டத்தடை இருப்பதாகத் தோன்றவில்லை.

நடைமுறை வேறு. அனுமதி இல்லை என்பதையும், செய்தவர் அறிந்தே செய்தார் என்பதையும் மெய்ப்பிக்க உரிமையாளரின் வாக்குமூலம் இன்றியமையாதது. அவர் வந்து சொல்ல மறுத்தால் வழக்கு நகராது. முன்வாசல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. உள்கதவின் சாவி இன்னும் உரிமையாளரிடம்தான்.

இரண்டு தடங்களும் ஒன்றையொன்று முட்டுவதற்கு ‘எந்திரன்’ பட வழக்கு எடுத்துக்காட்டு. 1996-ல் வெளியான ‘ஜுகிபா’ சிறுகதையே அப்படத்தின் மூலம் என்று அதன் ஆசிரியர் தொடுத்த உரிமையியல் வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் தள்ளுபடி செய்தது. அதே குற்றச்சாட்டின் மேலான குற்றவியல் முறையீடு தனியே நடந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு 2025-ல் படத்தின் இயக்குநருடைய சொத்துகளை அமலாக்கத் துறை முடக்க, உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தனியார் தகராறு என்று ஒரு மன்றம் அளந்து முடித்ததை அரசுக்கு எதிரான குற்றமாக இன்னொரு துறை எடுத்துச் செல்லலாமா என்பது விவாதத்துக்கு உரியது.

இணையத்தில்

இணையத் தளங்களுக்கு வரும் முறையீடுகளில் சட்டம் மீண்டும் உரிமையாளரிடம் திரும்புகிறது. 2013-ன் பதிப்புரிமை விதிகளில் 75-ஆம் விதி, முறையிடுபவர் தாம் உரிமையாளர் அல்லது தனியுரிமம் பெற்றவர் என்பதைக் காட்ட வேண்டும் என்கிறது. படைப்பின் விவரம், அது இருக்கும் இணைய முகவரி, 52-ஆம் பிரிவின் விலக்குகளில் அது அடங்காது என்ற விளக்கம், வழக்குத் தொடுத்து 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணையைத் தருவதாக உறுதிமொழி எல்லாம் தேவை. தளம் 36 மணி நேரத்தில் அணுகலை நிறுத்த வேண்டும்; 21 நாட்களுக்குள் ஆணை வராவிட்டால் மீண்டும் திறக்கலாம். அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமையாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ மட்டுமே அறிவிப்பு அனுப்ப இடம் தருகிறது. உலகத் தளங்கள் பெரும்பாலும் அந்த அச்சிலேயே தம் முறையீட்டுப் படிவங்களை வார்த்திருக்கின்றன.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் உண்டு. பிரின்ஸ் பாடிய பாட்டுக்குக் குழந்தை ஆடும் 29 நொடிக் காணொளியை நீக்கச் சொன்ன இசை நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், அறிவிப்பு அனுப்பும் முன் நியாயமான பயன்பாடா என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்று 2015-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. உரிமையாளரே தடுமாறும் இடத்தில் வேற்றாள்களுக்கு வழிவிட்டால், பிடிக்காத விமர்சனத்தை முடக்கும் ஆயுதமாக அது மாறும் என்ற அச்சம் நியாயமானதே. சென்னையில் ‘3’ படத்துக்காக 2012-ல் பெறப்பட்ட ஆள்பெயர் குறிப்பிடாத தடையாணையும் இப்படித்தான் பரந்தது. இணையச் சேவை நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கின. பிறகு குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே ஆணை பொருந்தும் என்று நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டி வந்தது.

திரைப்படங்களுக்கு மட்டும் ஓர் இடைவழி திறந்துள்ளது. 2023-ல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தை ஒட்டி, தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொடர்பு அதிகாரிகளை நியமித்தது. உரிமையாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ முறையிட்டால் 48 மணி நேரத்தில் திருட்டுப் படத்தின் இணைப்பை நீக்க வேண்டும். உரிமையில்லாதவர் முறையிட்டாலும் அது தள்ளப்படுவதில்லை. உண்மைத்தன்மையை அதிகாரி விசாரித்து முடிவெடுக்கலாம். ஓரளவுக்கு, 1710-ன் வேற்றாள் தண்டப் பங்கு இல்லாமல் திரும்பி வந்திருக்கிறார்.

தீராதவை

உரிமையாளரின் சார்பில் யார் பேசலாம் என்பதில் நீதிமன்றங்களே ஒத்துப்போகவில்லை. பதிவுபெற்ற பதிப்புரிமைச் சங்கமாக இல்லாத இசை நிறுவனம் உரிமம் வழங்கும் தொழிலை நடத்த முடியாது என்றது சென்னை உயர் நீதிமன்றம் 2021-ல். உரிமையாளர் என்ற நிலையில் நடத்தலாம் என்றது பம்பாய் உயர் நீதிமன்றம் 2024-ல். விடுதிகளுக்கும் மண்டபங்களுக்கும் வரும் கட்டண அறிவிப்புகள் செல்லுமா என்பது இதைப் பொறுத்தது. ஆதாரமற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்காட 60-ஆம் பிரிவு வழி தருகிறது என்றாலும், மிரட்டியவர் உரிய விரைவோடு மீறல் வழக்கைத் தொடுத்துவிட்டால் அந்த வழி அடைபடுகிறது.

உரிமையாளர் இருந்தும் அறியப்படாத நூல்கள் மற்றொரு சிக்கல். மூடிப்போன பதிப்பகங்களின் நூல்களுக்கு, மரபுரிமையாளர் எங்கே என்று தெரியாத எழுத்தாளர்களின் கதைகளுக்கு, அனுமதி கேட்கவும் ஆளில்லை, முறையிடவும் ஆளில்லை. ஏட்டளவில் அவற்றைப் படியெடுப்பது மீறலே. முறையிடுவார் இல்லாத மீறலை மீறல் என்று சொல்வதில் எவ்வளவு பொருள் மிஞ்சுகிறது என்பதில் அறிஞர்கள் வேறுபடுகிறார்கள்.

செயற்கை நுண்ணறிவு இந்த வாதத்தின் அடித்தளத்தையே அசைக்கிறது. உரிமையாளருக்கு மட்டும் முறையிடும் உரிமை தருவதன் நியாயம், அனுமதி உண்டா இல்லையா என்பது அவருக்குத்தான் தெரியும் என்பது. மொழி மாதிரிகளைப் பயிற்றும் இடத்தில் அனுமதி தரவில்லை என்பது அவருக்குத் தெரியும். தம் நூல் பயன்பட்டதா என்பதே தெரியாது. அதை அறிந்தவர் நிறுவனத்துக்குள் இருப்பவர். அவருக்கோ உரிமையியல் வழக்கில் இடமில்லை. ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் ஓபன்ஏஐ மீது 2024 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், பயிற்சிக்காகச் சேமிப்பது மீறலா, அது 52-ஆம் பிரிவின் நியாயமான கையாளலில் அடங்குமா என்ற கேள்விகள் முன்வைக்கப்பட்டுள்ளன. பயன்பாட்டை வெளிப்படுத்தும் கடமை யாருக்கு என்பதற்கு 1957-ன் சட்டத்தில் விடை இல்லை.